வார்டைத் தேடிப் போன வழி

கடலூரில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். அறுபதுகளின் நடுவில் அங்கே நர்ஸாகச் சேர்ந்தேன். எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில், ரயிலடிக்குப் பக்கம். பயிற்சிக்கு வெளியூர் போய்விட்டு, சொந்த ஊரிலேயே வேலை கிடைத்துத் திரும்பியவள் என்பதால் தெருவில் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு காலையில் நான் நடந்து போகும்போது கடைக்காரர்கள் தள்ளி வழிவிடுவார்கள். அந்த மரியாதை என் தலையில் ஏறித்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியின் முன்பக்கம் வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுக் கட்டடம். அதற்குப் பிறகு, இடம் போதாதபோதெல்லாம் பக்கவாட்டில் ஒன்று, பின்னால் ஒன்று என்று கட்டிச் சேர்த்திருந்தார்கள். எல்லாவற்றையும் கூரை போட்ட வராந்தாக்கள் இணைத்தன. ஒரு வராந்தாவில் நுழைந்தால் அது எங்கே போய் முடியும் என்று அதிலேயே பழகியவர்களுக்குத்தான் தெரியும். எனக்குக் குழந்தைகள் வார்டில் வேலை. கேட்டுக்கு அடுத்தாற்போல் இருந்த மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். வந்தால் வார்டு, மத்தியானம் மெஸ், சாயங்காலம் வீடு. பின்பக்கம் என்ன இருக்கிறது என்று நான் போய்ப் பார்த்ததில்லை. சேர்ந்த புதிதில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். நாள் ஆக ஆகக் கேட்பதற்கு வெட்கமாகிவிட்டது.

அது ஐப்பசி. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அன்று காலை என் தலைமை சிஸ்டர் ஸ்டோரிலிருந்து பஞ்சு வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். ஸ்டோர் ரூமைத் தேடி எங்கேயோ சுற்றி, வெறுங்கையோடு திரும்பி வந்தேன். குழந்தைகளின் தாய்மார்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் சொன்னார்:

"சம்பளம் வாங்குற இடத்துல ஸ்டோர் எங்க இருக்குதுன்னு தெரியாத நர்ஸை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

ஒரு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குக் காது இரண்டும் எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். வெள்ளைக் கைலி, முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் சாத்துக்குடியும் ரஸ்க் பாக்கெட்டும் தெரிந்தன.

"சிதம்பரத்துலேருந்து வராரு சிஸ்டர். இவரு வீட்டம்மாவுக்கு வயித்துல கட்டி ஆபரேஷன் ஆயிருக்குது. பாக்குற நேரம் இன்னும் ஆவல. ஆனா சாயங்காலம் வரைக்கும் நிக்க முடியாதாம், கடையைப் போட்டுட்டு வந்துட்டாராம். பெண்கள் ஆபரேஷன் வார்டு வரைக்கும் நீங்க கூட்டிட்டுப் போய் உட்டுடுங்க" என்றார் வாட்ச்மேன்.

சிதம்பரத்தில் அவருக்குச் சின்னதாக ஒரு செருப்புக்கடை. ஆபரேஷன் முடிந்த அன்று கூடவே இருந்துவிட்டு ஊருக்குப் போய், மறுபடி வந்திருக்கிறார். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தலைமை சிஸ்டர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "வாங்க" என்று சொல்லி முன்னால் நடந்தேன்.

பெண்கள் ஆபரேஷன் வார்டு ஓட்டுக் கட்டடத்தின் கடைசியில் இருப்பது மட்டும் எனக்குத் தெரியும். நேராக அங்கே போனோம். கதவு திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை. இரும்புக் கட்டில்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் போட்டிருந்தார்கள். தரையில் தண்ணீர் குளம் கட்டி நின்றது. கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்த ஜன்னலோரக் கட்டில்லதான் இருந்தா, சிஸ்டர்."

"ஒழுகுது இல்ல, அதான் மாத்தியிருக்காங்க. வாங்க" என்றேன்.

எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெண் துடைப்பத்தால் தண்ணீரை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவளும் சிரித்துவிடுவாளோ என்று தோன்றியது. வெள்ளைச் சேலைக்காரி வழி கேட்பதா என்று நேரே நடந்தேன்.

வராந்தா ஒரு இடத்தில் திரும்பியது. திரும்பியதும் சலவைக்கூடம். ஈரப் போர்வைகள் கொடியில் தொங்கின. அவற்றை விலக்கிக்கொண்டு போனால் சமையல்கட்டு. சோறு வெந்த ஆவி முகத்தில் அடித்தது. அதையும் தாண்டிப் போனால் பூட்டிய கதவு. திரும்பி வந்து இன்னொரு வராந்தாவில் இறங்கினோம். அது மழையில் நனைந்து பாசி பிடித்துக் கிடந்தது. பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது.

"சிஸ்டர், எதுனா ஆயிடிச்சா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல."

"எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க சிஸ்டர்."

"பேசாம வாங்க" என்றேன்.

அந்தக் குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது. வழி தெரியாத எரிச்சலில் சொன்னது.

வராந்தா முடிந்து வெட்டவெளிக்கு வந்துவிட்டோம். எதிரே ஒரு வேப்பமரம். அதன் கீழே வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டி. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் தாழ்வான ஒரு கட்டடம். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஸ்ட்ரெச்சரில், வெள்ளைத் துணிக்கு வெளியே, இரண்டு பாதங்கள் தெரிந்தன. கதவுக்கு மேலே பெரிய எழுத்தில் 'சவக்கிடங்கு' என்று எழுதியிருந்தது.

எனக்கு வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் அந்த எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க..." என்றேன்.

வழி தப்பி வந்துவிட்டேன் என்று அடுத்ததாகச் சொல்ல இருந்தேன். அதற்குள் அவர் அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டார். மெல்லிய குரலில் அரபியில் ஏதோ சொன்னார். மயக்கம் வருகிறது, சாமி பேரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு சாவுச் செய்தி காதில் விழுந்ததும் முஸ்லிம்கள் சொல்வது அது என்று எனக்கு அன்று தெரியாது. "இருங்க, தண்ணி கொண்டாறேன்" என்று சமையல்கட்டுக்கு ஓடினேன்.

லோட்டாவில் தண்ணீரோடு வந்தபோது அவர் இல்லை. பை விழுந்து கிடந்தது. சாத்துக்குடிகள் வண்டிச் சக்கரம் வரைக்கும் உருண்டு போயிருந்தன. வண்டிக்காரர், "அந்த ஆளு அப்படிக்கா ஓடுனாரும்மா" என்று முன்பக்கத்தைக் காட்டினார்.

அப்போது எனக்கு வந்தது நிம்மதி. இந்தப் பெண்ணை நம்பிப் பயனில்லை என்று வேறு யாரையாவது கேட்கப் போயிருப்பார், இதற்குள் வார்டைக் கண்டுபிடித்திருப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பழங்களைப் பொறுக்கித் துடைத்துப் பையில் போட்டு, வந்த வழியைத் தட்டுத் தடுமாறிப் பிடித்து என் வார்டுக்குத் திரும்பினேன். பையை மேஜைக்கு அடியில் வைத்தேன். பிறகு யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று எண்ணம். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. அந்த வேலையில் அவரை மறந்தே போனேன்.

மத்தியானக் கஞ்சி கொடுத்து முடித்த நேரத்தில் பெண்கள் ஆபரேஷன் வார்டு ஆயா படியிறங்கி வந்தாள்.

"காலையில சிதம்பரத்துக்காரரு ஒருத்தர நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்களாமே, சிஸ்டர்? எங்க அவரு? அந்தப் பொண்ணு, மச்சான் வரேன்னாரு வரேன்னாருன்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்குது."

"உங்க வார்டு எங்க இருக்குது?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். விரலை மேலே காட்டினாள்.

"ஓடு ஒழுகுதுன்னு நேத்து ராத்திரியே மாடிக்கு மாத்தியாச்சே. உங்க தலைக்கு மேலதான்."

கேட்டுக்கு ஓடினேன். வாட்ச்மேன் பீடியை அவசரமாகக் கீழே போட்டார்.

"அந்தப் பாய் தேம்பிக்கிட்டே ஓடியாந்தாரு சிஸ்டர். என்னாய்யான்னேன். பொண்டாட்டி போயிட்டான்னாரு. ஊர்ல சொல்லி ஆளுங்களக் கூட்டியாரணும், வண்டி கொண்டாரணும்னாரு. பாவம், கையும் ஓடல காலும் ஓடல. நான்தான் ரோட்டுல சிதம்பரம் பஸ்ஸை கை காட்டி நிறுத்தி ஏத்தி உட்டேன். ஏன், என்னா சிஸ்டர்?"

திரும்பி உள்ளே ஓடினேன்.

மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். முழுவதையும் கேட்டார். கடைசியில், "நீ அவர்கிட்ட என்னா சொன்னே?" என்று கேட்டார்.

"மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன் மேடம்."

"எங்க வச்சி?"

பின்பக்கம் கையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கேஸ் ஷீட்டிலிருந்த விலாசத்துக்குத் தந்தி கொடுக்க ஆள் அனுப்பினார். அந்த வீட்டிலும் சுற்றுவட்டத்திலும் போன் கிடையாது. பிறகு என்னைப் பார்த்து, "நீயே போ. உன் வாயாலதான அவருக்குச் சாவு வந்துச்சி. உன் வாயாலயே போய் இல்லேன்னு சொல்லு" என்றார்.

போவதற்கு முன்னால் மாடிக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வர அனுமதி கேட்டேன். உயிரோடு இருக்கிறாள் என்பதை என் கண்ணால் பார்த்தால்தான் எனக்குப் பேச்சு வரும் போலிருந்தது. அவளிடம் எதுவும் சொல்லக் கூடாது, தையல் பச்சையாக இருக்கிறது என்று மேட்ரன் எச்சரித்தார்.

தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்த முகம், பெரிய கண்கள். கஞ்சிக் கிண்ணம் பாதி குடித்தபடி இருந்தது.

"சிஸ்டர், இந்தக் கஞ்சியில உப்புன்னு ஒண்ணு போடவே மாட்டாங்களா?" என்று கேட்டாள். பிறகு, "எங்க மச்சான் வந்தாரா? கடையில எதுனா வேலை வந்திருக்கும். வந்துடுவாரு இல்ல?"

"வந்துடுவாரு" என்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே வந்த ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டே போனேன். பாதி வழியில் ஒரு வேன் எதிரே போயிற்று. உள்ளே தொப்பி போட்ட ஆண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து கத்தினேன். கண்டக்டர், "என்னாம்மா?" என்பதற்குள் அது போய்விட்டது. அது அவர்கள்தானா என்றும் எனக்கு நிச்சயமில்லை. வயல்களில் தண்ணீர் நின்றது. பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் போய் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதுவும் நன்றாக இல்லை.

சிதம்பரத்தில் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. கடைத்தெருவில் தெருப் பெயரைச் சொன்னதும் ஒருவர், "மௌத்தான வூடா? அந்தச் சந்துல நேராப் போங்க, கூட்டமா இருக்கும்" என்றார். சாவு வீட்டைத்தான் அப்படிச் சொன்னார்.

வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஆண்கள் பெரும்பாலும் இல்லை. வேனில் போனவர்கள் அவர்கள்தான். உள்ளே பெண்கள். ஒருத்தி மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், பாயில், ஒரு அம்மாள் குப்புறப் படுத்திருந்தார். அந்தப் பெண்ணின் தாயார் என்று பார்த்ததும் தெரிந்தது. அதே பெரிய கண்கள்.

வெள்ளைச் சேலையோடு நான் உள்ளே நுழைந்ததும் ஓதல் நின்றது.

"ஆஸ்பத்திரிலேருந்து வரேம்மா. உங்க பொண்ணு நல்லாயிருக்காங்க. ஒண்ணும் ஆவல. நான்தான் வழி தெரியாம அவரை வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். அவரு தப்பா நெனச்சிக்கிட்டாரு."

பஸ்ஸில் சொல்லிப் பார்த்த எதுவும் இல்லாமல் இப்படித்தான் வந்தது. பிறகு மாமியார் போலிருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்தார்.

"எம் மவன் நேர்ல பாத்துட்டு வந்து சொல்லியிருக்கான். காலைப் பாத்தேன்னு சொல்றான். நீ யாரும்மா புதுசா?"

"அது வேற யாரோ, அம்மா."

"வேற யாரோவா? நீதான காட்டுனே?"

தாயார் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். என் முகத்தையே பார்த்தார். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

"இப்பத்தான் பாத்துட்டு வரேம்மா. கஞ்சியில உப்பில்லன்னு சண்டை புடிச்சாங்க."

அந்த அம்மாள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "அவதான். அவதான் சொல்லுவா. எத்தன உப்புப் போட்டாலும் பத்தாதும்பா" என்றார். எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "நட. என் கண்ணால பாக்குறேன். இல்லன்னா உன்னை உட மாட்டேன்."

வீடு முழுக்கப் பேச்சும் அழுகையுமாகக் கலைந்தது. கபருஸ்தானுக்குக் குழி வெட்டப் போன ஆட்களை நிறுத்தச் சொல்லி யாரோ ஓடினார்கள். யாரோ என்னைத் திட்டினார்கள். திட்டியவர்களே எனக்குத் தண்ணீரும் கொடுத்தார்கள். அந்தக் கூச்சலில்தான் அந்தக் குழந்தையைப் பார்த்தேன். ஐந்து வயசுப் பெண். ஆஸ்பத்திரியில் இருந்தவளின் மகள். முற்றத்து ஓரத்தில் ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். தலைவாரி, நல்ல பாவாடை உடுத்திவிட்டிருந்தார்கள். இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நின்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வேலையே குழந்தைகளோடுதான். அந்த அம்மாள் கையை இழுத்தார். நான் அவரோடு போய்விட்டேன்.

கடலூர் வரும்வரை பஸ்ஸில் அவர் என் மணிக்கட்டை விடவில்லை. ஒரு திருடியைப் பிடித்துப் போவதுபோல் பிடித்திருந்தார். அவர் விரல்கள் பதிந்த இடம் வலித்தது. வலிக்கட்டும் என்றிருந்தது எனக்கு.

நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே வேனில் போனவர்கள் ஆஸ்பத்திரியை இரண்டுபடுத்தியிருந்தார்கள். சவக்கிடங்கில் அப்படி யாரும் இல்லை என்றதும், "எம் பொண்டாட்டி மையத்தை என்னாடா பண்ணீங்க?" என்று உடலைக் கேட்டுக் கணவர் அங்கிருந்த சிப்பந்தியின் சட்டையைப் பிடித்துவிட்டாராம். மேட்ரன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாராம். வார்டு வாசலில் நின்றவர் உள்ளே அடியெடுத்து வைக்கவில்லை. மனைவியைப் பார்த்தபடி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு எதுவும் தெரியாது. "என்னா மச்சான், இந்த வாட்டி வெறுங்கையோடவா வந்தீங்க?" என்று கேட்டாளாம். ஆயா இதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

தாயார் உள்ளே போய் மகளின் பாதத்தைத் தொட்டார். முழங்கால், கை, தோள், கன்னம் என்று தடவிக்கொண்டே மேலே வந்தார். அதற்காகத்தான் என் கையை விட்டார்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. நிரந்தரமாவது தள்ளிப் போயிற்று. அவ்வளவுதான். வேலையை விட்டு எடுத்திருந்தால்கூட எனக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். வீட்டில் அப்பாவிடம் முழுசாகச் சொன்னேன். "அந்த மனுஷன் அந்த பஸ்ல எப்படி ஒக்காந்து போயிருப்பான்?" என்றார். அதை நான் அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நினைக்காத நாள் இல்லை. மேட்ரன் கொடுத்த தந்தியும் மறுநாள்தான் அங்கே போய்ச் சேர்ந்ததாம். தந்திக்காரரைப் பார்த்ததும் வீட்டில் இன்னொரு முறை அலறல் எழுந்ததாம்.

விஷயம் தெரிந்த பிறகும் அந்தப் பெண் மட்டும் என்மேல் கோபப்படவே இல்லை. வேலை முடிந்ததும் தினமும் மாடிக்குப் போய் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பேன். அவளுக்கு அது ஒரு பெரிய கதையாகிவிட்டது.

"சொல்லுங்க சிஸ்டர், எங்க மாமியா அழுதுச்சா?"

"அழுதாங்க."

"நெசமாவா? சும்மா முக்காட்டுக்குள்ள மூஞ்சியை வச்சிக்கிட்டு இருந்துச்சா?"

"நெசமாத்தான். கண்ணெல்லாம் செவந்து இருந்திச்சி."

"பாத்தீங்களா, ஆசை இருக்குது. காட்டிக்க மாட்டாங்குது." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வெக்காதீங்க சிஸ்டர், தையல் பிரிஞ்சிடும். அடுத்தூட்டு அக்கா வந்திருந்துச்சா?"

ஒவ்வொருவராகக் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். ஒரு நாள், "எம் மவ?" என்றாள். "அது என்னா பண்ணிச்சி?"

"ஆட்டுக்கல்லு மேல ஒக்காந்திருந்தா."

"அழுதாளா?"

"இல்ல."

"சின்னது, அதுக்கென்னா தெரியும்" என்றாள். சிரிப்பு கொஞ்சம் நின்றது. கணவர் வந்ததும் மகளைக் கூட்டி வரச் சொல்லிக் கேட்டாள். சின்னப் பிள்ளைகளை ஆபரேஷன் வார்டுக்குள் விட மாட்டார்கள். அவரும் வருவார், மனைவியோடு பேசுவார், நான் நிற்கும் பக்கம் திரும்ப மாட்டார். ஒரு முறை படியில் எதிர்ப்பட்டபோது கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. "வேணாம் சிஸ்டர், அதச் சொல்லாதீங்க" என்று ஒதுங்கி இறங்கிப் போனார்.

தையல் பிரித்து, காய்ச்சல் ஏதும் இல்லாமல் அவள் வீட்டுக்குப் போனாள். மார்கழியில் தாயார் பரிசோதனைக்கு அவளை அழைத்து வந்தபோது என்னைத் தேடி வந்தார். வீட்டு விஷயத்தைச் சொன்னவர் அவர்தான். அவள் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தை வீறிட்டுக் கத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டதாம். அம்மா வந்திருக்கு பாரு என்று இழுத்தால் கடித்ததாம். அத்தனை நாளும் அம்மா நல்லாயிருக்குது, வந்துடும் என்று எல்லோரும் அவளிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். செத்தவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் பெரியவர்கள் அப்படித்தானே சொல்வார்கள்.

"இப்பப் பக்கத்துல வருது. ஆனா தொட்டுத் தொட்டுப் பாக்குது. அவ கொஞ்ச நேரம் கண்ணை மூடுனா மூக்குக்கிட்ட கையை வச்சிப் பாக்குது" என்றார் அந்த அம்மாள். குறையாகச் சொல்லவில்லை. சொல்ல வேறு ஆள் இல்லாததால் என்னிடம் சொன்னதுபோல் இருந்தது.

அடுத்த லீவில் சிதம்பரத்துக்குப் போனேன். காலை பாசஞ்சரில், பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு. அந்தப் பெண் அகமகிழ்ந்து வரவேற்றாள். குழந்தை அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தது. சேலை மாறியிருந்தும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"இன்னிக்கி யாரு?" என்று கேட்டாள்.

"என்னாடி யாரு?" என்றாள் தாய்.

"இன்னிக்கி யாரு மௌத்து?"

தாய் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். முடியவில்லை. நான் அந்தக் குழந்தையின் முன்னால் உட்கார்ந்து, யாரும் சாகவில்லை, அன்றைக்கும் சாகவில்லை, நான் வழி தெரியாமல் போய்விட்டேன், தப்பு என்னுடையது என்று அவளுக்குப் புரியும்படி சொன்னேன். முற்றத்தில் அன்றே சொல்லியிருக்க வேண்டியது. கவனமாகக் கேட்டாள். முடிந்ததும், "அப்ப நீ ஏன் வந்தே?" என்றாள்.

அதற்குப் பிறகும் அவ்வப்போது போய் வந்தேன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இருக்கும். கணவர் கடையிலிருந்து வந்து, "சாப்டுட்டுப் போங்க சிஸ்டர்" என்று சொல்லும் அளவுக்கு ஆனார். என் முகத்தைப் பார்த்து அவர் பேசியதில்லை. குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. என் கையிலிருந்து கொய்யாவை வாங்கிக்கொள்ளும். கிட்ட வந்து உட்காராது.

வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது சொல்லிக்கொண்டு வரப் போனேன். மத்தியான நேரம். தெருவில் ஒருவரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. வாசற்படியில் அந்தச் சிறுமி உட்கார்ந்து ஸ்லேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். முன்பல் விழுந்திருந்தது.

"அம்மா இருக்காங்களா?"

"தூங்குது."

"எழுப்ப வேணாம். நான் உள்ள ஒக்காந்திருக்கேன்."

ஸ்லேட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கதவுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். கோபமாக இல்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

"வேணாம். நீங்க போங்க. அது எந்திரிச்சதும் நீங்க வந்தீங்கன்னு நான் சொல்றேன்."

பழத்தைப் படியில் வைத்துவிட்டு ரயிலடிக்கு நடந்தேன். சந்து திரும்பும் இடத்தில் நின்று பார்த்தேன். அவள் கைகளை இன்னும் இறக்கவில்லை.